இரண்டு கைதுகள்

2001 ஜூன் மாதக் கடைசியில், புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வியெகெஸ் தீவில் அமெரிக்கக் கடற்படை போட்டிருந்த வேலியைத் தாண்டி உள்ளே போனதற்காகச் சிலரைப் பிடித்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்கு 81 வயது. அடுத்த மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்கு 60 நாள் சிறைத் தண்டனை விதித்தது. குற்றம், தடை செய்யப்பட்ட இடத்தில் அத்துமீறி நுழைந்தது. அந்தக் கோடைக்காலத்தில் அதே குற்றத்துக்காக மீனவர்கள், பாதிரியார்கள், மாணவர்கள், ராபர்ட் கென்னடியின் மகன் எனப் பலரும் சிறைக்குப் போனார்கள். எனவே அந்தத் தண்டனையில் தனித்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பெண்ணை இதே அரசு 47 ஆண்டுகளுக்கு முன்பும் கைது செய்திருந்தது. அப்போது அவர் கையில் துப்பாக்கி இருந்தது. இடம் வாஷிங்டன், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை. அவர் பெயர் லோலிதா லெப்ரோன்.

ஆயுதம் தூக்கியவர்கள் பிற்காலத்தில் வேறு வழிக்கு வந்த கதைகளை நாம் ஒரே வார்ப்பில்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். சுட்டான், பிடிபட்டான், சிறையில் யோசித்தான், மனம் திருந்தினான், வெளியே வந்து கைகூப்பினான். இடையில் கண்ணீர் உண்டு, மன்னிப்பு உண்டு. லோலிதாவின் வாழ்க்கை இந்த வார்ப்பில் அடங்காது. அவர் வருந்தவில்லை. 1979இல் சிறையிலிருந்து வெளியே வந்த நாளிலும் சரி, 2010இல் இறக்கும்வரையிலும் சரி, 1954 மார்ச் 1ஆம் தேதிக்காக அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதே சமயம் துப்பாக்கியை மறுபடி தொடவும் இல்லை. இந்தக் காலத்தில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார்; ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அந்த உரிமை இல்லை என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. வருத்தமில்லாத ஒரு மாற்றத்தை எப்படிப் புரிந்துகொள்வது? அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் என்னை விடாமல் பிடித்துக்கொள்கிறது.

புவேர்ட்டோ ரிக்கோவின் மேற்கு மலைகளில், காபித் தோட்டங்களுக்கு நடுவே, லாரெஸ் என்ற ஊர் இருக்கிறது. 1868 செப்டம்பர் 23 அன்று ஸ்பெயினுக்கு எதிராகக் குடியரசை அறிவித்த ஊர் அது. எழுச்சி சில நாட்களுக்குள் அடக்கப்பட்டது. ஆனாலும் விடுதலை வேண்டுவோர் இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே கூடுகிறார்கள். 1919இல் லோலிதா பிறந்தது அங்கேதான். அப்பா காபித் தோட்டத்தில் கங்காணி. பெண் இளம் வயதில் ஊர்த் திருவிழாவில் மலர்களின் அரசியாகத் தேர்வானார். 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவுக்குக் கைமாறிய தீவு அது; 1917இல் மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கொடுத்தார்கள். குடியுரிமை இருந்தால் கப்பலேறி நியூயார்க் போகலாம், ராணுவத்தில் சேர்த்தால் போர்முனைக்குப் போகலாம். தீவிலேயே இருந்தால் அதிபர் தேர்தலில் வாக்கு இல்லை. காங்கிரசுக்கு அனுப்பும் ஒரே ஆணையருக்கும் சபையில் வாக்கு இல்லை. 1940களின் தொடக்கத்தில், கைக்குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு, லோலிதாவும் நியூயார்க் போனார். ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். புவேர்ட்டோ ரிக்கர்களுக்கு அங்கே கிடைத்த மரியாதையை நாள்தோறும் பார்த்தார். தீவின் விடுதலை கேட்ட தேசியக் கட்சியில் சேர்ந்தது அந்த நகரத்தில்தான்.

அந்தக் கட்சியின் தலைவர் பெத்ரோ அல்பிசு காம்போஸ் ஹார்வர்டில் சட்டம் படித்தவர். வாழ்நாளில் பல ஆண்டுகளைச் சிறையில் கழித்தவர். அவருடைய ஆட்களை வன்முறைக்குத் தள்ளியது எது என்று கேட்டால் பதில் ஒரே இடத்தில் இல்லை. ஆனால் பொன்ஸே நகரத்தைத் தவிர்த்துவிட்டு யாரும் பேச முடியாது. 1937 மார்ச் 21, குருத்தோலை ஞாயிறு. ஆயுதமில்லாத தேசியவாதிகளின் ஊர்வலத்தைப் போலீஸ் நாலாபுறமும் மறித்துச் சுட்டது. 17 பொதுமக்களும் இரண்டு போலீஸ்காரர்களும் இறந்தார்கள். அன்று வெள்ளை உடையில் ஊர்வலத்துக்குப் போன ஒரு தாய், இரத்தக்கறையோடு வீடு திரும்பினார். வாசலில் நின்று அதைப் பார்த்த பையனுக்கு வயது 6. அவன்தான் ரஃபேல் கன்செல் மிராண்டா. 1954இல் லோலிதாவோடு அந்தச் சபையின் பார்வையாளர் மாடத்தில் எழுந்து நின்ற மூன்று ஆண்களில் இளையவன்.

பிறகு 1948இல் வாய்ப்பூட்டுச் சட்டம் வந்தது. விடுதலை பற்றிப் பேசுவதோ எழுதுவதோ, தீவின் ஒற்றை நட்சத்திரக் கொடியை வீட்டில் வைத்திருப்பதோகூடப் பத்தாண்டு சிறைக்கு வழி. 1950 அக்டோபர் கடைசியில் தேசியவாதிகள் பல ஊர்களில் கிளர்ந்தார்கள். ஹயூயா என்ற மலையூரில் பிளாங்கா கனாலெஸ் என்ற பெண் அந்தத் தடைசெய்யப்பட்ட கொடியை ஏற்றினார். தேசியக் காவல் படையின் விமானங்கள் அந்த ஊரின்மீது குண்டு போட்டன. நவம்பர் 1 அன்று ஆஸ்கர் கொயாஸோவும் கிரிசெலியோ தொரெசோலாவும் வாஷிங்டனில் அதிபர் ட்ரூமன் தங்கியிருந்த வீட்டைத் தாக்க, தொரெசோலாவும் லெஸ்லி காஃபெல்ட் என்ற காவலரும் செத்தார்கள்.

1952இல் தீவுக்குச் சுயாட்சி என்ற பெயரில் ஒரு புதிய அந்தஸ்து வந்தது. தடைசெய்யப்பட்டிருந்த அதே கொடியையே அரசு தன்னுடைய கொடியாக எடுத்துக்கொண்டது, அமெரிக்கக் கொடிக்குப் பக்கத்தில் பறப்பதற்காக. 1953 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை, புவேர்ட்டோ ரிக்கோ இனிக் காலனி அல்ல, அதைப் பற்றி அமெரிக்கா அறிக்கை தர வேண்டியதில்லை என்று தீர்மானித்தது. கோப்பை மூடியாகிவிட்டது. மூன்று மாதம் கழித்து, காரகாஸில் அமெரிக்கக் கண்ட நாடுகளின் மாநாடு தொடங்கிய அதே நாளை, அந்தக் கோப்பைத் திறக்கும் நாளாக லோலிதா தேர்ந்தார். அவருடைய காரணம் எனக்குப் புரிகிறது. சட்டம் பேச்சை அடைத்தது, ஊர்வலத்தைத் துப்பாக்கி அடைத்தது, கடைசியில் உலகமே விவகாரம் முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிட்டது. வேறு கதவுகள் இல்லை என்று அவர்கள் நம்பியதைக் கற்பனை என்று தள்ள என்னால் முடியாது.

1954 மார்ச் 1, திங்கட்கிழமை. நால்வரும் நியூயார்க்கிலிருந்து ரயிலில் வந்தார்கள். திரும்பிப் போக டிக்கெட் எடுக்கவில்லை. மழை, நேரமாகிவிட்டது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று உடன் வந்தவர்களிடையே தயக்கம் எழுந்தபோது, அப்படியென்றால் நான் தனியாகவே போகிறேன் என்று லோலிதா நடக்கத் தொடங்கினார், மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். பார்வையாளர் மாடத்து வாசலில் காவலர் கேட்ட கேள்வி, கேமரா இருக்கிறதா என்பதுதான். இல்லை என்றார்கள். உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கீழே 200க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், மெக்சிகோவிலிருந்து வரும் பண்ணைத் தொழிலாளர்கள் பற்றிய மசோதாவில் மூழ்கியிருந்தார்கள். இரண்டரை மணி அளவில் லோலிதா எழுந்தார். சுதந்திர புவேர்ட்டோ ரிக்கோ வாழ்க என்று ஸ்பானிஷில் கூவினார். கொடியை விரித்தார். நால்வரில் மூவரின் துப்பாக்கிகளிலிருந்து ஏறத்தாழ 30 குண்டுகள் சபைக்குள் பாய்ந்தன. முதல் சத்தங்களைப் பட்டாசு என்றே கீழே சிலர் நினைத்தார்கள்.

ஐந்து உறுப்பினர்கள் காயமடைந்தார்கள். மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஆல்வின் பென்ட்லிக்கு மார்பில் குண்டு. சபையில் ஏவல் வேலை பார்த்துவந்த பள்ளிப் பையன்கள்தான் அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். அந்தப் புகைப்படத்தில் இருக்கும் பையன்களில் இருவர் பின்னாளில் அதே சபையின் உறுப்பினர்கள் ஆனார்கள். ஐவரும் பிழைத்தார்கள், பென்ட்லி மிகுந்த போராட்டத்துக்குப் பிறகு. சபையில் ஒரு மேஜை இழுப்பறையில் அன்று விழுந்த துளையை அடைக்காமல் வைத்திருக்கிறார்கள்.

பிடிபட்டபோது லோலிதா சொன்னதாக உலகம் அறிந்த சொல், நான் யாரையும் கொல்ல வரவில்லை, புவேர்ட்டோ ரிக்கோவுக்காகச் சாக வந்தேன் என்பது. கைப்பையில் இருந்த குறிப்பும் அதைத்தான் சொன்னது: தன் உயிரை நாட்டுக்குத் தருவதாகவும், எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பு என்றும். தான் கூரையை நோக்கித்தான் சுட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். கொலை நோக்கத்தோடு தாக்கினார் என்ற குற்றச்சாட்டிலிருந்து ஜூரி அவரை விடுவித்தது. ஆயுதத்தால் தாக்கிய குற்றம் மட்டும் நிலைத்தது. செய்தித்தாள்களுக்கோ அவருடைய சிவந்த உதட்டுச்சாயமும் உயர்ந்த குதிகால் செருப்பும் தோடும் போதுமானதாக இருந்தன. ஒரு மக்களின் ஐம்பதாண்டு வழக்கை ஒரு பெண்ணின் அலங்காரமாகச் சுருக்கியதை, படிக்கும்போது இன்றும் என்னால் சகிக்க முடியவில்லை.

ஆனாலும் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை இதைக் காட்டித் தள்ளிவிடவும் முடியாது. சாக வந்தவருக்குத் துப்பாக்கி எதற்கு? அவர் கூரையைச் சுட்டிருக்கலாம். உடன் வந்த இருவர் கூரையைச் சுடவில்லை. கூட்டிவந்தவர் அவர், நாளைக் குறித்தவர் அவர், தயங்கியபோது முன்னால் நடந்தவர் அவர். தன் உயிரைத் தரத் தயாராகிவிட்டவருக்கு அடுத்தவர் உயிர்மீதும் ஓர் உரிமை வந்துவிட்டதாகத் தோன்றும் மயக்கம் ஒன்று உண்டு. தியாகத்தின் தூய்மை, எதிரே இருக்கும் முகத்தை மறைத்துவிடுகிறது. பென்ட்லியின் மார்பில் பாய்ந்த குண்டு, பொன்ஸேயில் சுட்ட போலீசையோ வாய்ப்பூட்டுச் சட்டத்தையோ தொடவில்லை. அவர் அன்று தன் இருக்கையில் இருந்தார், அவ்வளவுதான்.

அரசியல் கணக்கும் அவர்களுக்கு எதிராகத்தான் முடிந்தது. முந்தைய ஆண்டு ஆளுநரின் மன்னிப்பில் வெளியே வந்திருந்த அல்பிசு காம்போஸ் மறுபடி உள்ளே போனார். 1965இல் சாவதற்குச் சற்று முன்புதான் விடுவிக்கப்பட்டார். தீவிலும் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் கட்சிக்காரர்களை வளைத்துப் பிடித்தார்கள். தேசத்துரோகச் சதி வழக்கில் லோலிதாவின் சொந்தச் சகோதரரே அரசுத் தரப்புச் சாட்சியானார். தேர்தல் வழியில் நின்ற விடுதலைக் கட்சி 1952இல் 19 சதவீத வாக்கு வாங்கியிருந்தது. 1960இல் அது மூன்று சதவீதம் அளவுக்குச் சரிந்தது. இதற்கெல்லாம் அந்த 30 குண்டுகள்தான் காரணம் என்றால் அது பொய். தொழிற்சாலைகள் வந்தன, லட்சக்கணக்கானோர் நியூயார்க்குக்குப் பெயர்ந்தார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிப் போலீஸ் ரகசியக் கோப்புகள் வைத்திருந்தது 1987இல் அம்பலமானது. ஆனால் விடுதலை என்ற சொல்லைக் கேட்டதும் சாதாரண வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ளும் அச்சத்தை அந்த மதியமும் சேர்த்துத்தான் உண்டாக்கியது.

மேற்கு வர்ஜீனியாவின் ஆல்டர்சன் பெண்கள் சிறையில் அவர் 25 ஆண்டுகள் இருந்தார். ஹயூயாவில் கொடியேற்றிய பிளாங்கா கனாலெஸும் முதலிரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். கம்யூனிஸ்ட் தலைவர் எலிசபெத் கர்லி ஃப்ளின் அங்கே அடைபட்டிருந்ததும் அதே காலத்தில்தான். லோலிதா பக்தியில் ஆழ்ந்தார். தரிசனங்கள் கிடைத்ததாகச் சொன்னார், எழுதினார். ஒரு கட்டத்தில் வாஷிங்டனில் இருந்த மனநல மருத்துவமனைக்கு அவரை மாற்றிச் சில மாதங்கள் வைத்திருந்தார்கள். அந்தத் தரிசனங்களைப் பற்றி எனக்குத் தீர்ப்பு எதுவும் இல்லை. சாவதற்கென்று கிளம்பிய ஒருவர் சாகாமல் ஒரு சிறையில் கால் நூற்றாண்டு எழுந்து, படுத்து, எழுந்து கிடக்க நேர்ந்தால் அந்த மனம் எதைப் பற்றிக்கொள்ளும் என்று வெளியிலிருந்து சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது? சிறையிலிருந்த காலத்தில் மகனை இழந்தார். 1977இல் மகளையும் இழந்தார். மகளின் இறுதிச் சடங்குக்கு மட்டும் தீவுக்குப் போய்வர அனுமதி கிடைத்தது.

நால்வரும் கருணை மனுப் போட மறுத்துவிட்டார்கள். கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகும் என்பது அவர்கள் வாதம். நால்வரில் ஒருவரான ஆந்த்ரேஸ் ஃபிகெரோவா கொர்தேரோ புற்றுநோயோடு 1977இல் முதலில் வெளியே வந்தார். 1979 செப்டம்பரில் அதிபர் கார்ட்டர் மற்ற மூவரின் தண்டனையையும், கொயாஸோவின் தண்டனையையும் குறைத்து விடுவித்தார். தீவின் ஆளுநர் கார்லோஸ் ரொமேரோ பார்செலோ எதிர்த்தார். கியூபாவில் சிறையிருந்த அமெரிக்கர்கள் சில நாட்களில் விடுதலையானதால் பண்டமாற்று என்ற பேச்சும் எழுந்தது, கார்ட்டர் மறுத்தார். சான் ஹுவான் விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வரவேற்றார்கள்.

திரும்பி வந்த அந்த ஆண்டில் தீவு மீண்டும் கொதித்துக்கொண்டிருந்தது. கொதிப்பின் மையம் வியெகெஸ். 1940களில் கடற்படை அந்தச் சின்னத் தீவின் நிலத்தில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு எடுத்துக்கொண்டு, கிழக்கு முனையைக் குண்டுவீச்சுத் திடலாக வைத்திருந்தது. நடுவில் மிஞ்சிய பட்டையில் மக்கள். 1978 பிப்ரவரியில் மீனவர்கள் தங்கள் சின்னப் படகுகளைப் போர்க்கப்பல்களின் குறுக்கே ஓட்டிப் பயிற்சியைத் தடுத்தார்கள். அந்தப் போராட்டத்தில் சிறைப்பட்ட ஆங்கெல் ரொட்ரிகெஸ் கிறிஸ்தோபல் 1979 நவம்பரில் ஃப்ளோரிடாவில் சிறையறையில் பிணமாகக் கிடந்தார். அதற்குப் பழி என்று சொல்லி, டிசம்பர் 3 அன்று சபானா செக்காவில் கடற்படையினரை ஏற்றிச் சென்ற பேருந்தை மச்செத்தேரோ என்ற ஆயுதக் குழு மறித்துச் சுட்டது. இரண்டு மாலுமிகள் இறந்தார்கள். மீனவர்கள் படகை வைத்துச் சேர்த்த நியாயம் அத்தோடு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. போராட்டம் 1980களில் மெல்லத் தளர்ந்தது; குண்டுவீச்சு இன்னும் இருபதாண்டு தொடர்ந்தது.

இருபதாண்டுக்குப் பிறகு நடந்தது வேறு. 1999 ஏப்ரல் 19 அன்று ஒரு எஃப்-18 விமானம் இலக்குத் தவறிப் போட்ட இரண்டு 500 பவுண்டு குண்டுகளில், கடற்படைக்கே காவல் வேலை பார்த்துவந்த வியெகெஸ்காரர் டேவிட் சானெஸ் ரொட்ரிகெஸ் இறந்தார். சில நாட்களில் மக்கள் திடலுக்குள் புகுந்து சிலுவை நட்டார்கள். வெடிக்காத குண்டுகள் சிதறிக் கிடந்த மண்ணில் கொட்டகை போட்டு, சின்னத் தேவாலயம் கட்டி, 2000 மே 4இல் அகற்றப்படும்வரை ஓராண்டுக்கும் மேலாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஆள் இருந்தால் குண்டு போட முடியாது. கத்தோலிக்க ஆயர்களும் புராட்டஸ்டன்ட் சபைகளும் சேர்ந்து 2000 பிப்ரவரியில் சான் ஹுவானில் நடத்திய ஊர்வலத்தில் பல்லாயிரம் பேர் நடந்தார்கள். தீவை அமெரிக்க மாநிலமாக்க வேண்டும் என்பவர்களும் அதில் இருந்தார்கள், தனிநாடு கேட்பவர்களும் இருந்தார்கள், இரண்டும் வேண்டாம் என்பவர்களும் இருந்தார்கள். அகற்றிய பிறகும் அலை அலையாக வேலி தாண்டினார்கள். கைதானவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

லோலிதா வேலி தாண்டியது இந்தக் கூட்டத்தில் ஒருவராக. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். 1954இல் அவர் தன் உடலைத் தரப் போனார். 2001லும் தன் உடலைத்தான் தரப் போனார். அந்தக் குணம் மாறவில்லை. அவரிடம் திருந்துவதற்கு என்ன இருந்ததோ அது திருந்தியதா என்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. மாறியது, உடலைத் தரும்போது கையில் இருந்தது. அந்த ஒரு மாற்றத்தில் எல்லாமே மாறிவிடுகிறது. துப்பாக்கி ஏந்த நால்வர் போதும். நால்வரைத் தாண்டினால் ரகசியம் போய்விடும். மாநிலம் கேட்கும் வியெகெஸ் வீட்டுக்காரப் பெண்ணுக்கு அந்த நால்வரோடு சேர வழியே கிடையாது. வெறுங்கையோடு திடலில் உட்காருவது என்றால் அவர் சேரலாம், பாதிரியார் சேரலாம், கல்லூரிப் பையன் சேரலாம், 81 வயதுக் கிழவியும் சேரலாம். ஒருவரைப் பிடித்தால் பத்துப் பேர் வந்தார்கள். தீவின் அந்தஸ்து பற்றி நடந்த 1998 வாக்கெடுப்பில் தனிநாட்டுக்குக் கிடைத்தது இரண்டரை சதவீதம். மூன்றாண்டுக்குள், 2001 ஜூலை 29இல், வியெகெஸில் வாக்களித்தவர்களில் 68 சதவீதம் பேர் கடற்படை உடனே வெளியேற வேண்டும் என்றார்கள். அன்று லோலிதா சிறையில் இருந்தார்.

இங்கே எனக்கு எதிராக நானே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1954 இல்லையென்றால் 2001இல் அந்தக் கிழவியை யாருக்குத் தெரிந்திருக்கும்? செய்தியாளர்கள் அவரைத் தேடி வந்தது அந்தத் துப்பாக்கியின் நினைவினால்தான். வெறுங்கைப் போராட்டத்துக்கு அவர் கொண்டுவந்த பெயரும் ஒளியும் வன்முறையில் சம்பாதித்தவை. ஆயுதத்திலிருந்து அறப்போராட்டத்துக்கு வந்த எல்லாருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. எந்தக் கையால் சுட்டாரோ அந்தக் கைக்குத்தான் மாலை விழுகிறது. வியெகெஸ் போராட்டம் இதிலிருந்து தப்பியதற்கு ஒரு காரணம், அவரை அது தலைவராக வைக்கவில்லை. வேலியின் முன்னால் அவரும் வரிசையில் ஒருவர், நீதிமன்றத்தில் அவருக்கும் அறுபது நாள். அவரும் அதற்குமேல் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது. பிரைட்டன் ஓட்டலில் 1984இல் குண்டு வைத்த ஐரிஷ் குடியரசுப் படையின் பாட்ரிக் மகீ, அதில் செத்த எம்.பி.யின் மகள் ஜோ பெர்ரியை 2000இல் நேருக்கு நேர் சந்தித்தார். அந்தப் பெண் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல உட்கார்ந்தார். மகீயும் தன் போராட்டத்தை மறுதலிக்கவில்லை. ஆனால் எதிரே ஒரு மனுஷி இருக்கிறாள் என்பதை ஏற்றுக்கொண்டார். லோலிதாவுக்கு அப்படி ஒரு நாற்காலி போடப்படவில்லை. பென்ட்லி 1969லேயே இறந்துவிட்டார். தன் நாட்டின் அடிமைத்தனத்தை எதிர்த்ததற்காக வருந்தச் சொல்லி யாரும் அவரைக் கேட்டிருக்க முடியாது. அந்த மனிதனின் மார்புக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தேசத்துக்கு ஒன்றும் குறைந்திருக்காது. அவரை உயர்வாக மதிக்கும் நான் இதை அவருடைய குறையாகவே எழுதுகிறேன்.

வீட்டுக் கணக்கை எழுதியவர் அவருடைய பேத்தி. ஐரீன் விலார் 1996இல் வெளியிட்ட நினைவுநூலில் மூன்று தலைமுறைப் பெண்கள் வருகிறார்கள். துப்பாக்கியோடு மாடத்தில் நின்ற பாட்டி. தாயில்லாமல் வளர்ந்து, கடைசியில் தன் உயிரைத் தானே விட்ட அம்மா. மனநல மருத்துவமனையில் உட்கார்ந்து இரண்டையும் எழுதும் மகள். தேசத்தின் கொடியில் சுற்றிவைக்கப்பட்ட ஒரு பாட்டியிடம், என் அம்மாவை ஏன் விட்டுப் போனாய் என்று கேட்கத் துணிவு வேண்டும். ஆண் போராளிகளிடம் இந்தக் கேள்வியை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு வேலை தேடிக் கப்பலேறிய ஆயிரக்கணக்கான தீவுப் பெண்களில் அவரும் ஒருவர். அந்தப் பிரிவுக்குத் துப்பாக்கி காரணமல்ல, வறுமை காரணம். திரும்பிவரும் வழியை அடைத்தது மட்டும்தான் துப்பாக்கி.

2003 மே 1 அன்று கடற்படை வியெகெஸை விட்டுப் போனது. லோலிதா அதற்குப் பிறகு ஏழாண்டு இருந்தார். 2010 ஆகஸ்ட் 1 அன்று 90 வயதில் சான் ஹுவானில் இறந்தார். நால்வரில் கடைசியாக இருந்த கன்செல் மிராண்டா 2020 மார்ச்சில் போனார். தனிநாடு வரவில்லை. கடற்படை விட்ட நிலத்தில் பெரும்பகுதி வியெகெஸ்காரர்களிடம் திரும்பவும் இல்லை. அமெரிக்க உள்துறையின் கீழ் வனவிலங்குப் புகலிடமாகிவிட்டது. 2005இல் அந்த இடத்தை நாட்டின் மிக மோசமாக நச்சேறிய நிலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். வெடிக்காத குண்டுகளைத் தோண்டி எடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை. கிழக்கு முனையில், சானெஸ் இறந்த பக்கத்தில், எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன. நிலத்தைச் சுத்தம் செய்து எங்களிடம் கொடுங்கள் என்று அந்தத் தீவின் ஆட்கள், மீனவர்களின் பேரப்பிள்ளைகள் உட்பட, இப்போதும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.